சிறிய பெங்கால், எதிரே இரண்டு ஜப்பானியக் கப்பல்கள்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை பக்கம் முழுக்க ஒரே கப்பலுக்குத்தான். சென்ற இதழில் ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது 'எச்.எம்.ஐ.எஸ். பெங்கால்' என்ற இந்தியப் போர்க்கப்பலின் பெயரைப் போகிறபோக்கில் சொல்லியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்குப் பதில் இதோ.

கேள்வி (திருநெல்வேலி வாசகர்): இரண்டாம் உலகப் போரில் நம் கடற்படையின் சின்னக் கப்பல் ஒன்று இரண்டு ஜப்பானியக் கப்பல்களை எதிர்த்து நின்று தப்பித்தது என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். முழுக்கதையையும் சொல்லக்கூடாதா?

பதில்: தாராளமாகச் சொல்லலாம். இது இன்னும் நிறையப் பேருக்குத் தெரிய வேண்டிய கதை.

பெங்கால் 1942 ஆகஸ்டில்தான் சேவைக்கு வந்தது, அதாவது சண்டைக்கு மூன்றே மாதம் முன்னால். ஆஸ்திரேலியாவில், சிட்னி காக்கட்டூ தீவில் இருந்த கப்பல் கட்டும் தளத்தில் கட்டியது. பாதர்ஸ்ட் வகைக் கார்வெட், அதாவது சிறிய காவல் போர்க்கப்பல். 186 அடி நீளம், முழு வேகத்தில் போனாலும் 15 நாட், அதாவது மணிக்கு ஏறக்குறைய 28 கிலோமீட்டர். கண்ணிவெடிகளை வாருவது, நீர்மூழ்கிகளை விரட்டுவது, கூட வரும் சரக்குக் கப்பலுக்குக் காவல் போவது, இவைதான் அதற்கு விதித்த வேலைகள். பெரிய கப்பலோடு பீரங்கிச் சண்டை போடுவதற்காக அதை யாரும் கட்டவில்லை. இந்த வகைக் கப்பலுக்கு 4 அங்குலப் பீரங்கி வைப்பார்கள். பெங்காலுக்கு அது கிடைக்காததால் 3 அங்குலப் பீரங்கி ஒன்றைப் பொருத்தி அனுப்பிவிட்டார்கள். அதற்கு இருந்த குண்டுகள் 40. விமானங்களைச் சுடுவதற்குச் சில சிறு துப்பாக்கிப் பீரங்கிகளும் இருந்தன. கப்பலின் தலைவர் லெப்டினன்ட் கமாண்டர் வில்லியம் வில்சன். மாலுமிகளில் பெரும்பாலானோர் இந்தியர்கள்.

1942 நவம்பர் 5ஆம் தேதி மேற்கு ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமேண்டிலில் இருந்து 'ஒண்டினா' என்ற டச்சு டேங்கருக்குக் காவலாகப் புறப்பட்டது. போக வேண்டிய இடம் இந்தியப் பெருங்கடல் நடுவில் இருக்கும் டியகோ கார்சியா தீவு, அங்கிருந்து டேங்கர் மட்டும் எண்ணெய் நிரப்ப ஈரானின் அபாடானுக்குப் போக வேண்டும். காலி டேங்கர். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். ஒண்டினாவிலும் பின்பக்கத்தில் ஒரு பீரங்கி இருந்தது, 4 அங்குலம், 32 குண்டுகள்.

நவம்பர் 11, நண்பகல் நெருங்கும் நேரம், கோகோஸ் தீவுகளுக்குத் தெற்கே வெகுதூரத்தில் நடுக்கடல். ஒரு கப்பல் தெரிந்தது, சற்று நேரத்தில் பின்னாலேயே இன்னொன்று. ஹோகோக்கு மாரு, ஐகோக்கு மாரு. ஒவ்வொன்றும் பத்தாயிரம் டன்னுக்கு மேல், 20 நாட்டுக்கும் மேல் வேகம், ஒவ்வொன்றிலும் 14 சென்டிமீட்டர் பீரங்கிகள் எட்டு, கூடவே டார்பிடோ என்ற நீருக்கடி வெடிகுண்டை ஏவும் குழாய்கள், கடல் விமானங்கள். பெங்காலின் பீரங்கி எறிகிற குண்டு ஆறு கிலோகூட இருக்காது. எதிரே வந்த கப்பல்களின் குண்டு ஒவ்வொன்றும் 38 கிலோ. ஓடித் தப்பிக்கவும் வழி இல்லை, ஏனென்றால் ஒண்டினாவின் வேகம் 12 நாட்தான்.

அப்போது வில்சன் செய்ததுதான் இந்தக் கதையின் உயிர். டேங்கரைத் திரும்பி ஓடச் சொன்னார், பிறகு எங்கே சந்திப்பது என்று ஓர் இடத்தைக் குறித்துக் கொடுத்தார், தன் கப்பலின் மூக்கை நேராக எதிரியை நோக்கித் திருப்பினார். லாரிக்குக் குறுக்கே சைக்கிளை விட்டது மாதிரி. காவல் கப்பலின் கணக்கு அதுதான்: நான் அடிபடுகிற நேரத்தில் நீ கொஞ்ச தூரம் போய்விடு. ஹோகோக்கு மாரு சுட ஆரம்பித்தது, பெங்காலும் சுட்டது. ஒண்டினா போனதா என்றால், இல்லை. இந்த வேகத்தில் ஓடி எங்கே போய்ச் சேர்வது என்று அதன் கேப்டன் வில்லெம் ஹோர்ஸ்மனும் நினைத்திருக்க வேண்டும். தன் ஒற்றைப் பீரங்கியால் அவரும் சுடச் சொன்னார்.

சில குண்டுகள் தவறின. தூரத்தைச் சரிசெய்து சரிசெய்து சுட்டார்கள். ஒரு குண்டு ஹோகோக்கு மாருவின் வலப்பக்க டார்பிடோக் குழாய்களின் மேலேயே விழுந்தது. அங்கே வெடித்தது, தீ விமானம் இருந்த இடத்துக்கும் எரிபொருளுக்கும் பரவியது, கடைசியில் வெடிமருந்து அறையைத் தொட்டது. சண்டை தொடங்கி ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் அந்தப் பெரிய கப்பல் மூழ்கிவிட்டது. அதிலிருந்த 354 பேரில் 76 பேர் இறந்தார்கள், கேப்டன் இமாசாட்டோவும் அவர்களில் ஒருவர்.

மிச்சம் இருந்தது ஐகோக்கு மாரு. பெங்காலின் மேல் குண்டுகள் விழுந்தன, தீப்பிடித்தது, அணைத்தார்கள். கையில் இருந்த 40 குண்டும் தீரும் நிலைக்கு வந்துவிட்டது. ஒண்டினா எட்டாத தூரத்துக்குப் போய்விட்டது என்று நினைத்து, வில்சன் புகைத்திரை போட்டுக்கொண்டு விலகினார். பெங்காலில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. ஒண்டினா அப்படிப் போயிருக்கவில்லை, அதற்கு என்ன ஆயிற்று என்பதை அடுத்த கேள்வியில் பார்ப்போம்.

கேள்வி (கோயம்புத்தூர் வாசகர்): காவலுக்குப் போன கப்பல் காக்க வேண்டிய கப்பலை விட்டுவிட்டுப் போனது சரியா? இதை வீரம் என்று எப்படிச் சொல்ல முடியும்?

பதில்: கேட்க வேண்டிய கேள்வி. பூசி மெழுகாமல் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

பெங்கால் விலகியபின் ஐகோக்கு மாரு முழுக்க ஒண்டினாவின் பக்கம் திரும்பியது. டேங்கரின் மேல் குண்டுக்கு மேல் குண்டு விழுந்தது. 32 குண்டுகளும் தீர்ந்தபின், இனி ஆட்களின் உயிர்தான் முக்கியம் என்று ஹோர்ஸ்மன் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லி, கப்பலைக் கைவிட உத்தரவு கொடுத்தார். அப்போது மேல்தளத்தில் விழுந்த ஒரு குண்டில் அவரே இறந்துபோனார். ஆட்கள் படகுகளில் இறங்கினார்கள். ஐகோக்கு மாரு மிக அருகில் வந்து இரண்டு டார்பிடோக்களை விட்டது, இரண்டுமே பட்டன, டேங்கர் ஒருபக்கமாகச் சாய்ந்தது. அதோடு விடாமல் படகுகளில் இருந்தவர்களை இயந்திரத் துப்பாக்கியால் சுட்டார்கள். கையில் ஆயுதம் இல்லாமல் படகில் உட்கார்ந்திருந்தவர்கள் அங்கே செத்தார்கள். போரில் இதெல்லாம் சகஜம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அப்புறம் அந்தக் கப்பல், மூழ்கிய தன் ஜோடிக் கப்பலின் ஆட்களைத் தூக்கப் போனது. போய்த் திரும்பி வந்து இன்னொரு டார்பிடோவையும் விட்டது. அது படவில்லை. எப்படியும் மூழ்கிவிடும் என்று கிளம்பிப் போய்விட்டார்கள்.

ஆனால் ஒண்டினா மூழ்கவில்லை. காலி டேங்கர் என்று சொன்னேனே, அதனால்தான். டேங்கருக்குள் எண்ணெய் ஒரே தொட்டியாக இருப்பதில்லை. இரும்புச் சுவர் வைத்துப் பல அறைகளாகப் பிரித்திருப்பார்கள். டார்பிடோ கிழித்த அறைகளில் தண்ணீர் புகுந்தது, மற்ற அறைகளில் இருந்த காற்று கப்பலைத் தாங்கிக்கொண்டது. படகுகளில் இருந்தவர்கள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கப்பல் சாய்ந்திருக்கிறது, எரிகிறது, ஆனால் கீழே போகவில்லை. முதல் அதிகாரி ரேவின்கெல் தலைமையில் சிலர் திரும்ப ஏறினார்கள். எதிரி மறுபடி வரலாம், தீ எண்ணெய் ஆவியைத் தொடலாம், கப்பல் கவிழலாம், எல்லாம் தெரிந்துதான் ஏறினார்கள். தீயை அணைத்தார்கள். எதிர்ப்பக்கத் தொட்டிகளில் தண்ணீரை விட்டுச் சாய்வை நிமிர்த்தினார்கள். இயந்திரத்தைக் கிளப்பினார்கள். நவம்பர் 18ஆம் தேதி, புறப்பட்ட அதே ஃப்ரீமேண்டிலுக்குத் தாங்களாகவே வந்து சேர்ந்தார்கள்.

வருகிற வழியிலும் ஒரு சோதனை. ரகசியக் குறியீட்டுப் புத்தகங்களைக் கப்பலைக் கைவிடும்போதே கடலில் எறிந்துவிட்டார்கள், விதி அப்படி. காயம்பட்டவர்களுக்கு வைத்தியம் வேண்டும் என்று சாதாரண மொழியில் வானொலிச் செய்தி அனுப்ப வேண்டியதாகிவிட்டது. ஒண்டினா மூழ்கிவிட்டது என்று பெங்கால் சொன்ன செய்தி கரையில் இருந்தவர்களிடம் ஏற்கெனவே இருந்ததால், இது ஜப்பானியரின் சூழ்ச்சியோ என்று அவர்கள் சந்தேகப்பட்டார்கள்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். வில்சன் கடைசிவரை நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? குண்டு இல்லாத பீரங்கியோடு, தன்னைவிட வேகமான கப்பலின் முன் நின்று, அதிகபட்சம் இன்னும் சில நிமிடங்களை வாங்கித் தந்துவிட்டு மூழ்கியிருக்கும். அவர் ஒண்டினா தூரத்தில் இருக்கிறது என்று நம்பித்தான் விலகினார். அந்த நம்பிக்கை தவறு என்று பின்னால் தெரிந்தது. படகில் சுடப்பட்டவர்களின் இடத்தில் இருந்து பார்த்தால் அந்தத் தவறை மன்னிப்பது கஷ்டம், அந்தக் கசப்பைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் பகல் 12 மணிக்கு எதிரியை நோக்கித் திரும்பிய அந்தத் திருப்பத்தை இது அழித்துவிடாது. இரண்டு கப்பல்களும் டேங்கரின் மேல் முதலிலேயே பாய்ந்திருந்தால் ஒண்டினாவின் பீரங்கிக்காரர்களுக்குக் குறிபார்த்துச் சரிசெய்து சுட நேரமே கிடைத்திருக்காது. என் கருத்து இதுதான். தொடக்கத்தில் காவல் கப்பல் தன் வேலையைச் செய்தது, முடிவில் டேங்கரின் ஆட்கள் தங்களைத் தாங்களே காப்பாற்றிக்கொண்டார்கள், இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பெங்காலை மட்டும் பாடுகிற நம் ஊர்க் கட்டுரைகள் ரேவின்கெலின் ஆட்களை விட்டுவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கேள்வி (சேலம் வாசகர்): அப்படியானால் ஹோகோக்கு மாருவை மூழ்கடித்தது யார் குண்டு?

பதில்: இரண்டு பக்கமும் உரிமை கொண்டாடியிருக்கிறார்கள். எடையை வைத்துப் பார்த்தால் ஒண்டினாவின் 4 அங்குலக் குண்டு என்பதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. அது பதினான்கு கிலோ, பெங்காலின் குண்டைப்போல இரண்டு மடங்குக்கு மேல். வில்சனுக்குப் பிரிட்டிஷ் அரசு டி.எஸ்.ஓ. என்ற வீரப் பதக்கம் கொடுத்தது, இந்திய மாலுமிகளுக்கும் பதக்கங்கள் கிடைத்தன, ஒண்டினாவின் ஆட்களை டச்சு அரசு கௌரவித்தது. யார் குண்டு என்ற சண்டையைவிட, அவ்வளவு சின்னக் குண்டுக்கு அவ்வளவு பெரிய கப்பல் எப்படிப் பலியானது என்பதுதான் யோசிக்க வேண்டியது.

ஹோகோக்கு மாரு அடிப்படையில் போர்க்கப்பலே இல்லை. ஒசாகா ஷோசென் கைஷா என்ற கம்பெனி பயணிகளையும் சரக்கையும் ஏற்றிக்கொண்டு தூரதேசங்களுக்குப் போவதற்காகக் கட்டிய கப்பல். போர் நெருங்கியதும் பீரங்கிகளை ஏற்றி வணிகக் கப்பல் வேட்டைக்கு அனுப்பினார்கள். பீரங்கியை ஏற்றலாம், கவசத்தை ஏற்ற முடியாது. நிஜமான க்ரூஸர் என்ற பெரிய போர்க்கப்பலில் வெடிமருந்து அறை தடித்த எஃகுக்குப் பின்னால் இருக்கும்; இதில் டார்பிடோக்கள் திறந்த தளத்தில், விமான பெட்ரோல் பக்கத்திலேயே. சரியான இடத்தில் ஒரு குண்டு விழுந்தால் மிச்சத்தை அந்தக் கப்பலே தனக்குத்தானே செய்துகொள்ளும். அதுவரை அவர்கள் பிடித்தவை எல்லாம் தனியாகப் போன கப்பல்கள். 1942 மே மாதம் 'கெனோட்டா' என்ற டச்சு டேங்கரைப் பிடித்தார்கள், ஜூனில் 'எலிசியா'வை மூழ்கடித்தார்கள், ஜூலையில் 'ஹௌராக்கி'யைப் பிடித்தார்கள். எதிர்த்துச் சுடுகிற இரையை அவர்கள் எதிர்பார்க்கவில்லை.

இன்னொரு கப்பலான ஐகோக்கு மாரு 1944 பிப்ரவரியில் பசிபிக் கடலின் ட்ரக் தீவில் அமெரிக்க விமானத் தாக்குதலில் மூழ்கியது.

கேள்வி (சென்னை வாசகர்): முதல் உலகப் போரில் சென்னையைச் சுட்ட எம்டன் கப்பலும் இதே மாதிரி வேட்டைக் கப்பல்தானே?

பதில்: வேலை அதே வேலைதான், கப்பல் வேறு. எம்டன் நிஜமான க்ரூஸர், கவசம் உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது, அந்த வருடம் நவம்பர் 9ஆம் தேதி கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னியிடம் அடிபட்டுக் கரைதட்டியது. 28 வருடம் கழித்து, அதே நவம்பரில், அதே தீவுகளுக்குத் தெற்கேதான் பெங்காலின் சண்டையும். ஆஸ்திரேலியாவில் இருந்து இந்தியப் பெருங்கடலைக் கடக்கும் பாதை அந்தப் பக்கமாகப் போவதால் வேட்டைக் கப்பல்களும் அங்கேதான் சுற்றும்.

கேள்வி (தூத்துக்குடி வாசகர்): கான்வாய் என்றால் நாற்பது ஐம்பது கப்பல்கள், சுற்றிலும் காவல் என்றல்லவா படித்திருக்கிறேன். இங்கே ஒரு டேங்கருக்கு ஒரு கப்பல்தானா?

பதில்: நீங்கள் படித்தது அட்லாண்டிக். அங்கே நீர்மூழ்கிகள் கூட்டமாக வேட்டையாடின, அதனால் சரக்குக் கப்பல்களையும் கூட்டமாக ஓட்டினார்கள். இந்தியப் பெருங்கடலில் அத்தனை காவல் கப்பல்கள் கிடையாது. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானந்தாங்கிகள் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கியபின் பிரிட்டிஷாரின் கிழக்குக் கடற்படையின் பெரும்பகுதி ஆப்பிரிக்காவின் மொம்பாசாவுக்கே ஒதுங்கிவிட்டது. ஏகப்பட்ட வணிகக் கப்பல்கள் துணையே இல்லாமல் தனியாகப் போய்வந்தன. ஒண்டினாவுக்கு ஒரு கார்வெட் கிடைத்ததே பெரிய விஷயம்.

காவல் கப்பலின் அன்றாட வேலை சண்டை இல்லை, பார்த்துக்கொண்டே இருப்பது. கடலின் அடியில் ஒலியை அனுப்பி எதிரொலி வருகிறதா என்று கேட்கிற கருவிக்கு அஸ்டிக் என்று பெயர். காதில் ஹெட்போனோடு ஒருவர் உட்கார்ந்து, ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் திருப்பி அனுப்பிக் கேட்டுக்கொண்டே இருப்பார். திமிங்கலமும் எதிரொலி தரும், மீன் கூட்டமும் தரும். அந்த எதிரொலியின் சுருதி ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை வைத்து அது நம்மை நோக்கி வருகிறதா விலகுகிறதா என்று சொல்ல வேண்டும், அதுவும் கப்பல் உருண்டு புரளும்போது, நள்ளிரவில். நீர்மூழ்கி என்று உறுதியானால் அதன் மேலே ஓடி, பின்பக்கத்தில் இருந்து டெப்த் சார்ஜ் என்ற வெடிப் பீப்பாய்களை உருட்டிவிடுவார்கள்.

இதில் ஒரு பெரிய குறை உண்டு. கப்பல் நீர்மூழ்கியை நெருங்கும் கடைசிச் சில நூறு மீட்டரில் ஒலிக்கற்றை அதன் தலைக்கு மேலே போய்விடும், எதிரொலி நின்றுவிடும். வேட்டைக்காரனுக்குக் கண் தெரியாமல் போகிற அந்த நேரத்தில்தான் நீர்மூழ்கி சட்டென்று திரும்பித் தப்பிக்கும். இதற்காகத்தான் பின்னால் ஹெட்ஜ்ஹாக் என்ற கருவி வந்தது. எதிரொலி காதில் இருக்கும்போதே 24 சிறு குண்டுகளைக் கப்பலுக்கு முன்பக்கமாக எறியும். பட்டால் மட்டும் வெடிக்கும். 1944 ஆகஸ்ட் 12ஆம் தேதி செஷல்ஸ் தீவுகளுக்கு அருகே யூ-198 என்ற ஜெர்மன் நீர்மூழ்கியை பிரிட்டிஷ் கப்பல் ஃபைண்ட்ஹார்னும் நம் கடற்படையின் 'கோதாவரி'யும் சேர்ந்து மூழ்கடித்தன. நீர்மூழ்கியில் இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை. கோதாவரியைப் பற்றி யாராவது தனியாகக் கேட்டால் சந்தோஷமாக எழுதுவேன்.

கேள்வி (மட்டக்களப்பு வாசகி): எங்கள் ஊர்க் கடலில் ஹெர்மிஸ் கிடப்பது எல்லோருக்கும் தெரியும். அதனுடன் ஒரு காவல் கப்பலும் போனதாமே?

பதில்: ஆமாம் அம்மா, அதை நீங்கள் கேட்டதற்கு நன்றி, ஏனென்றால் ஹெர்மிஸைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதை விட்டுவிடுவார்கள். 1942 ஏப்ரல் 9ஆம் தேதி, திருகோணமலை மேல் ஜப்பானியர் குண்டுபோட்ட அதே நாள். தாக்குதல் வரப்போகிறது என்று தெரிந்து, துறைமுகத்தில் மாட்டிக்கொள்ள வேண்டாம் என்று கப்பல்களைக் கிழக்குக் கரையோரமாகத் தெற்கே அனுப்பியிருந்தார்கள். விமானந்தாங்கியான ஹெர்மிஸ் தன் விமானங்கள் இல்லாமலேயே கிளம்பியிருந்தது. ஜப்பானிய வேவு விமானம் அதைப் பார்த்துவிட்டது. ஹெர்மிஸ் போனது, முந்நூறு பேருக்கு மேல் இறந்தார்கள், கூடவே வந்த ஆஸ்திரேலிய நாசகாரிக் கப்பல் வாம்பயரும் போனது.

அதே நாள், அதே கடலில், 'ஹாலிஹாக்' என்ற சின்னக் கார்வெட்டும் இருந்தது. 'அதெல்ஸ்டேன்' என்ற எண்ணெய்க் கப்பலுக்குக் காவல். மட்டக்களப்புக்குத் தென்கிழக்கே முப்பது கடல்மைல் தூரத்தில் விமானங்கள் இரண்டையும் பிடித்தன, இரண்டுமே மூழ்கின. எண்ணெய்க் கப்பலின் ஆட்கள் தப்பித்தார்கள். ஹாலிஹாக்கில் ஐம்பது பேருக்கு மேல் இறந்தார்கள். நீர்மூழ்கிக்காகக் கட்டிய கப்பலை விமானந்தாங்கியின் குண்டுவீச்சு விமானங்கள் முன்னால் நிறுத்தினால் வேறு என்ன ஆகும்? ஹெர்மிஸுக்கு உலகம் முழுக்க இருந்து முக்குளிக்க வருகிறார்கள், உங்கள் ஊருக்கும் அதனால் வருமானம். அவர்களை அழைத்துப்போகிற படகுக்காரர்கள் ஹாலிஹாக்கின் பெயரையும் ஒரு வார்த்தை சொன்னால் நன்றாக இருக்கும்.

கேள்வி (மதுரை வாசகர்): பெங்காலைப் பற்றி நம் பள்ளிப் புத்தகங்களில் ஏன் இல்லை? வெள்ளைக்காரனுக்காகச் சண்டை போட்டதாலா?

பதில்: அது ஒரு காரணம்தான். அந்த மாலுமிகள் சேர்ந்தது அரச இந்தியக் கடற்படை, கொடி பிரிட்டிஷ் கொடி. அதே 1942 ஆகஸ்டில், பெங்கால் சேவைக்கு வந்த நாளும் 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானம் பம்பாயில் நிறைவேறிய நாளும் ஒரே நாள், ஆகஸ்ட் 8. சிறைக்குப் போனவர்களை நினைவில் வைத்த நாடு, கடலுக்குப் போனவர்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் விட்டுவிட்டது.

ஆனால் இந்த இரண்டு வரலாறும் தனித்தனி இல்லை. போர் தொடங்கியபோது விரல்விட்டு எண்ணக்கூடிய கப்பல்களே இருந்த அந்தக் கடற்படை போர் முடியும்போது நூறு கப்பல்களைத் தாண்டிவிட்டது. அதுவரை பெரும்பாலும் கொங்கணக் கரையிலும் பஞ்சாபிலும் ஆள் எடுத்தவர்கள், போர்க்காலத்தில் சென்னை மாகாணம் உட்பட எல்லாப் பக்கமும் ஆள் எடுத்தார்கள். பெங்கால் மாதிரிக் கப்பல்களில் உயிரைப் பணயம் வைத்தவர்களுக்குக் கரையில் கிடைத்தது மோசமான சாப்பாடும் நிறவெறி வசவும். 1946 பிப்ரவரி 18ஆம் தேதி பம்பாயில் 'தல்வார்' பயிற்சித் தளத்தில் தொடங்கிய வேலைநிறுத்தம் கராச்சி, கல்கத்தா, சென்னை என்று பரவியது. எழுபதுக்கும் மேற்பட்ட கப்பல்கள், இருபதாயிரம் மாலுமிகள். போரில் வேலை தெரிந்தவர்கள் என்று நிரூபித்த மனிதர்கள் மரியாதை கேட்டார்கள். அதைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் பெங்காலின் கதையும் தெரிந்திருக்க வேண்டும், அதனால்தான் பாடப் புத்தகத்தில் இரண்டும் அடுத்தடுத்து வர வேண்டும் என்று நினைக்கிறேன்.

கேள்வி (நாகப்பட்டினம் வாசகர்): 'மெட்ராஸ்' என்ற பெயரில் கப்பல் இருந்ததா?

பதில்: இருந்தது. ஆஸ்திரேலியாவில் கட்டிய 60 பாதர்ஸ்ட் கப்பல்களில் நான்கு இந்தியாவுக்கு வந்தன. பெங்கால், பம்பாய், மெட்ராஸ், பஞ்சாப். இதில் பம்பாய் 1942 மே 31 இரவு ஜப்பானியக் குட்டி நீர்மூழ்கிகள் சிட்னித் துறைமுகத்துக்குள் புகுந்தபோது அங்கேயே நின்றிருந்தது.

கேள்வி (மெல்பர்னில் வசிக்கும் வாசகி): பெங்கால் இப்போது எங்கே இருக்கிறது? பார்க்க முடியுமா?

பதில்: பெங்கால் இல்லை. சுதந்திரத்துக்குப் பின் ஐ.என்.எஸ். பெங்கால் என்று கொஞ்சகாலம் ஓடியது, 1960ல் உடைத்துவிட்டார்கள். ஒண்டினாவையும் பழுதுபார்த்து மறுபடி ஓட்டினார்கள், அதுவும் பின்னால் உடைப்புக்குப் போயிற்று.

ஆனால் நீங்கள் மெல்பர்னில் இருக்கிறீர்கள், உங்களுக்கு அதிர்ஷ்டம். பெங்காலின் உடன்பிறப்பு 'காசில்மெய்ன்' உங்கள் ஊரிலேயே வில்லியம்ஸ்டவுனில் ஜெம் பியர் என்ற துறையில் அருங்காட்சியகமாக நிற்கிறது. தன்னார்வலர்கள் பராமரிக்கிறார்கள். போனால் முனையில் இருந்து பின்பக்கம் வரை ஒருமுறை நடந்து பாருங்கள், 186 அடி, சீக்கிரம் முடிந்துவிடும். அப்புறம் கீழே மாலுமிகள் படுத்த இடத்துக்கு இறங்குங்கள். துணித்தொட்டில்களை நெருக்கமாகக் கட்டி, சாப்பாடும் தூக்கமும் அதே இடத்தில். எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் வெயில்காலத்தில் அந்த இரும்புக்குள் வாரக்கணக்கில் இருந்தார்கள் என்பது அங்கே நின்றால்தான் உறைக்கும். இன்னொரு கப்பலான 'வையாலா' தெற்கு ஆஸ்திரேலியாவில் வையாலா ஊரில், கடலில் இருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே தரையில் தூக்கி வைக்கப்பட்டிருக்கிறது, அதன் அடிப்பாகத்தையும் பார்க்கலாம். அப்பா அம்மாவையும் அழைத்துப் போவதாக எழுதியிருந்தீர்கள். இந்தக் கப்பல்களின் ஏணிகள் செங்குத்தானவை, அவர்கள் மேல்தளத்தோடு நின்றுகொள்வது நல்லது. எல்லா நாளும் திறந்திருக்காது, கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.